டாமன் ட்ரேஸ் எண்களை வாசிக்கத் தக்கதாக்க கர்னலைத் திருத்த வேண்டுமா?

கிளிநொச்சியில் அரிசி ஆலையொன்றின் கணக்குகள் ஓடும் லினக்ஸ் இயந்திரம், நினைவகம் 8 கிகாபைட். மரியாடிபி தரவுத்தளம் அதில் எவ்வளவைத்தான் உண்மையில் தொடுகிறது என்று அறிய, லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருந்து நினைவகத் தொடுகையைக் கண்காணிக்கும் டாமனை இயக்கியிருக்கிறீர்கள். அது எழுதும் பதிவோட்டமான ட்ரேஸைத் திறந்தால் பதினைந்து இலக்க எண்கள் நிற்காமல் ஓடுகின்றன, ஒன்றுமே விளங்கவில்லை. "கர்னல் மூலநிரலில் எந்த இடத்தைத் திருத்தினால் இதை மனிதர் வாசிக்கக்கூடியதாக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த எண் எதைச் சொல்கிறது என்பது ஒன்று. அதை மொழிபெயர்க்கும் வேலையைக் கர்னலுக்குள் செய்வதா வெளியே செய்வதா என்பது மற்றது. இரண்டாவதற்கு என் பதில் உறுதியானது: கர்னல் எழுதும் வரியை அப்படியே விடுங்கள், வாசிக்கும் பக்கத்தில் மொழிபெயருங்கள். முதலாவதுதான் நீளமான பதில். ஏனென்றால் எண்களின் பொருள் பிடிபடாமல் வரியை எவ்வளவு அழகாக்கினாலும் தவறான முடிவுதான் அழகாகத் தெரியும். கட்டளைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

டாமன் 2021இல் லினக்ஸ் 5.15உடன் கர்னலுக்குள் வந்தது. எழுதியவர் சியோங்ஜே பார்க். அது நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் (4 கிலோபைட் கொண்ட சிறு கூறு) கண்காணிப்பதில்லை. அப்படிச் செய்தால் கண்காணிப்பே இயந்திரத்தைத் தின்றுவிடும். முகவரி வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பக்கத்தை எழுமாற்றாகத் தெரிந்து, அந்தப் பக்கத்தின் "தொடப்பட்டது" என்ற குறியை அழித்துவிட்டுப் போகும். 5 மில்லிசெக்கன் கழித்து வந்து குறி திரும்ப எழும்பியிருக்கிறதா என்று பார்க்கும். யானை இறங்கும் வயலில் வரம்புச் சேற்றில் ஓரிடத்தைத் தடவி மட்டமாக்கிவிட்டு, பிறகு வந்து அடிச்சுவடு இருக்கிறதா என்று பார்ப்பது போன்றதுதான் இது. சுவடு இருந்தால் யானை வந்தது நிச்சயம். ஒன்று வந்ததா பத்து வந்ததா என்று அந்தச் சேறு சொல்லாது. தடவாத இடத்தால் போயிருந்தால் அதையும் சொல்லாது. கீழே வரும் எண்களை வாசிக்கும்போது இந்த இரண்டு குறைகளும் மனதில் இருக்கட்டும்.

இயல்புநிலை அமைப்பில் இப்படி 5 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பார்த்து, 100 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கூட்டி, துண்டுக்கு ஒரு வரியாக ட்ரேஸில் எழுதும். அந்த வரியின் பின்பாதி இப்படி இருக்கும்: டார்கெட்_ஐடி=0 என்ஆர்_ரீஜியன்ஸ்=11 140509842636800-140509911842816: 0 864. முதலாவது, எந்த இலக்கைக் கண்காணிக்கிறோம் என்ற வரிசை எண். மரியாடிபி ஒரே ப்ரோசஸாக ஓடுவதால் உங்களுக்கு 0 மட்டுமே வரும். இரண்டாவது, அந்த இலக்கு இந்த நேரத்தில் எத்தனை துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பது. அடுத்த இரண்டு நீள எண்களும் துண்டின் தொடக்கமும் முடிவும், தசம எண்ணில், பைட் கணக்கில். முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் 0, 20 தடவை பார்த்ததில் எத்தனை தடவை சுவடு தெரிந்தது என்பது. கடைசி 864 துண்டின் வயது: இந்த நிலை பெரிதாக மாறாமல் எத்தனை கூட்டல் இடைவெளிகளைக் கடந்திருக்கிறது என்பது.

இப்போது கழித்துப் பாருங்கள். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் 69206016 பைட், அதாவது சரியாக 66 மெகாபைட். 864ஐ 100 மில்லிசெக்கனால் பெருக்கினால் 86.4 செக்கன். ஆக அந்த வரி சொல்வது: "66 மெகாபைட் நீளமான ஓரிடம், சுமார் ஒன்றரை நிமிடமாக யாரும் தொடவில்லை." இன்னொரு வரி 94261248000000-94261249572864: 17 3 என்று வந்தால், அது ஒன்றரை மெகாபைட், 20இல் 17 தடவை சுவடு, அதாவது 85 சதவீதம், அந்த நிலைக்கு வந்து 0.3 செக்கன்தான். முகவரியின் முதல் இலக்கங்களே ஓரளவு இடத்தைச் சொல்லும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் 140 என்று தொடங்கும் பதினைந்து இலக்கம் பெரும்பாலும் எம்மேப் பகுதியோ (கோப்புகளும் பெரிய ஒதுக்கீடுகளும் இருக்கும் வெளி) ஸ்டாக்கோ (சார்பு அழைப்புகளின் அடுக்கு) ஆகும். 93, 94 என்று தொடங்கும் பதினான்கு இலக்கம் நிரலும் அதன் ஹீப்பும் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்).

ஆகவே வாசிக்கத் தக்கதாக்குவது என்பது மூன்று கணக்குகள்தான்: நீளத்தை மெகாபைட்டாக, தொடுகையை சதவீதமாக, வயதைச் செக்கனாக. உரை வரிகளை வெட்டிக் கணக்கிடும் ஆக் மொழியில் நான்கைந்து வரியில் முடியும். ஆனால் சொற்களை முன்னாலிருந்து எண்ணாதீர்கள். ட்ரேஸ் கோப்பின் முன்பாதியில் பணியின் பெயர், செயலி (சிபியு) எண், கொடிகள், நேரம் என்று வரும். கொடிகளைக் காட்டும் ஐஆர்க்யூ தகவலை மறைத்தால் ஒரு நெடுவரிசை குறைந்துவிடும். பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியின் ஸ்கிரிப்ட் கட்டளை வழியாக எடுத்தால் பெயரும் ப்ரோசஸ் எண்ணும் பிரிந்து நெடுவரிசைகளின் ஒழுங்கு மாறும். கடைசியிலிருந்து எண்ணினால் எந்த வழியில் எடுத்தாலும் கடைசிச் சொல் வயது, அதற்கு முன்னது தொடுகை, அதற்கும் முன்னது முகவரிச் சோடி. முகவரிச் சொல்லின் வால் முக்காற்புள்ளியை வெட்டிவிட்டு, நடுக்கோட்டில் பிரித்துக் கழியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. 5.15இல் வயது நெடுவரிசையே கிடையாது, பின்னால்தான் சேர்ந்தது. அதனால் முதலில் டாமன்_அக்ரிகேட்டட் அடைவில் உள்ள ஃபார்மட் என்ற கோப்பைத் திறந்து ஏஜ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பழைய கர்னல்களில் டார்கெட் ஐடியாக 0 வராது, 20 இலக்க எண் ஒன்று வரும். அது கர்னலின் உள்முகவரி. அதில் அர்த்தம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எண்ணின் நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆக் எல்லா எண்களையும் மிதவைப்புள்ளியாகவே வைத்திருக்கும். 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணும் துல்லியம். பயனர் முகவரிகள் 15 இலக்கத்துக்குள் முடிவதால் கழித்தலில் பிழை வராது. ஆனால் பழைய 20 இலக்க ஐடியை எண்ணாக எடுத்தால் கடைசி இலக்கங்கள் மாறி, இரண்டு வெவ்வேறு இலக்குகள் ஒன்றாகத் தெரியலாம். அதைச் சொல்லாகவே ஒப்பிடுங்கள். எக்ஸல் விரிதாள் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். உங்கள் முகவரி மயிரிழையில் தப்புகிறது. ஆனாலும் கலத்தில் அடுக்குக்குறி வடிவில் காட்டிவிடும், அதை நகலெடுத்து ஒட்டினால் இலக்கங்கள் போய்விடும். விரிதாளுக்கு அனுப்புவதென்றால் முகவரியை விட்டுவிட்டு, மெகாபைட்டாக்கிய நீளத்தையும் இலக்கின் முதல் துண்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் அனுப்புங்கள்.

அடுத்தது, எல்லோரும் தவறவிடும் இடம். ஓடும் வரிகள் ஒரே நீளப் பட்டியல் அல்ல, அவை அடுத்தடுத்த படங்கள். என்ஆர்_ரீஜியன்ஸ்=11 என்றால் அதே இலக்குக்கு அடுத்தடுத்து வரும் 11 வரிகளும் சேர்ந்ததுதான் ஒரு படம். படத்துக்குள் நேர வித்தியாசம் மைக்ரோசெக்கன் அளவு. படத்துக்கும் படத்துக்கும் இடையே 100 மில்லிசெக்கனும் கொஞ்சமும். அந்தக் "கொஞ்சம்" ஏன் என்றால், டாமன் தூங்கி எழும்பும் நேரமும் வேலை செய்யும் நேரமும் சேர்வதால். எனவே நான் மேலே போட்ட 86.4 செக்கனைக் குறைந்தபட்சமாக எடுங்கள். மொழிபெயர்க்கும் நிரல், படத்துக்குப் படம் ஒரு வெற்று வரி விட்டாலே வாசிப்பு பாதி இலகுவாகும். அதே நேரத்தில் வரிகளை எண்ணச் சொல்லுங்கள். 11 என்று சொல்லிவிட்டு 7 வரிதான் வந்தால் மீதி தொலைந்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்து எந்தக் கூட்டுத்தொகையும் போடக்கூடாது.

தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் பதிவுகள் தற்காலிகமாகத் தங்கும் வளைய இடையகம் நிரம்புவது. துண்டுகள் இயல்பில் குறைந்தது 10, கூடியது 1000 என்ற எல்லைக்குள் இருக்கும். செக்கனுக்குப் பத்துப் படம் என்றால் 100 முதல் 10,000 வரிகள். ஒரு பதிவு இடையகத்தில் சுமார் 50 பைட் பிடிக்கும். இடையகம் ஒரு செயலிக்கு இயல்பில் 1.4 மெகாபைட் அளவு. எனவே மோசமான நிலையில் ஏறத்தாழ 3 செக்கனில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கிவிடும். பஃபர்_சைஸ்_கேபி கோப்பில் 16384 எழுதினால் செயலிக்கு 16 மெகாபைட் கிடைக்கும். நான்கு செயலி என்றால் மொத்தம் 64 என்பதைக் கணக்கில் வையுங்கள், 8 கிகாபைட் இயந்திரத்தில் அது தாங்கும். பார்ப்பதற்கு ட்ரேஸ் கோப்பை அல்ல, ட்ரேஸ்_பைப்பைத் திறந்து ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். அது வாசித்த பதிவை இடையகத்திலிருந்து எடுத்துவிடும். 1000 துண்டு ஓடினால் அந்தக் கோப்பு மணிக்கு 5 கிகாபைட் வரை வளரும் என்பதால் வட்டில் இடம் பார்த்து வையுங்கள். ஒவ்வொரு செயலியின் ஸ்டாட்ஸ் கோப்பிலும் ஓவர்ரன் என்ற எண் 0ஆக இருக்க வேண்டும்.

வரிகளைக் கர்னலே குறைத்துத் தர ஒரு வழி உண்டு. நிகழ்வின் ஃபில்டர் கோப்பில் நிபந்தனை எழுதலாம்: தொடுகை 0ஐ விடக் கூடியவை மட்டும், அல்லது தொடுகை 0ஆகவும் வயது 600ஐ விடக் கூடியதாகவும் உள்ளவை மட்டும். பின்னது ஒரு நிமிடத்துக்கு மேல் குளிர்ந்து கிடப்பதைத் தேடித் தரும். ஆனால் துண்டின் நீளத்தால் வடிகட்ட முடியாது. அந்த மொழி ஒரு புலத்தை இன்னொரு புலத்திலிருந்து கழிக்காது. வடிகட்டிய பிறகு மேலே சொன்ன "11க்கு 11" சரிபார்ப்பும் போய்விடும். எனவே முதல் நாள் வடிகட்டாமல் எடுத்து முழுமையை உறுதி செய்யுங்கள், பிறகு வடிகட்டுங்கள். வரியின் முன்பாதியைக் காட்டும் கான்டெக்ஸ்ட்-இன்ஃபோவை அணைத்தால் வரி குட்டையாகி அழகாகத்தான் இருக்கும், ஆனால் நேரமும் சேர்ந்து மறையும். அதை அணைக்க வேண்டாம். இன்னொன்று, ட்ரேஸ்_மார்க்கர் கோப்பில் நீங்கள் எழுதும் எதுவும் அந்த நேரத்திலேயே ட்ரேஸின் நடுவில் வந்து உட்காரும். "நெல் கொள்வனவு தொடங்கியது", "மாத அறிக்கை எடுத்தது" என்று எழுதிவிட்டு வேலையைச் செய்தால், பிறகு வாசிக்கும்போது எந்த எண் எந்த வேலைக்கு உரியது என்று தேடத் தேவையில்லை. என் பார்வையில் வாசிப்பை இலகுவாக்குவதில் இதற்கு ஈடான வேறொன்றில்லை.

இனி கர்னலைத் திருத்துவது பற்றி. ட்ரேஸ் நிகழ்வு இடையகத்தில் உரையாகச் சேமிக்கப்படுவதில்லை. எண்கள் துவித வடிவில்தான் கிடக்கின்றன. நீங்கள் கோப்பைத் திறக்கும் நேரத்தில்தான் அச்சு வார்ப்புருவின்படி உரையாகின்றன. அந்த வார்ப்புரு டாமனின் ட்ரேஸ் தலைப்புக் கோப்பில், டிபி_பிரின்ட்கே என்ற மேக்ரோவில் இருக்கிறது. வெறும் "0 864"க்குப் பதிலாக ஒவ்வொன்றின் பெயரையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் புதியவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த உரையை இடம் பார்த்து வெட்டி எடுக்கும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, டாமனின் சொந்தக் கருவியான டாமோ உட்பட. நீங்கள் ஒரு சொல்லைச் சேர்த்தால் அவை உங்கள் இயந்திரத்தில் மட்டும் பிழைவிடும், காரணம் தேடி நாட்கள் போகும். கர்னல் உலகத்தில் இது பழைய காயம். எல்லா நிகழ்வுகளுக்கும் பொதுவாயிருந்த லாக்_டெப்த் என்ற புலத்தை நீக்கியபோது மின் நுகர்வைக் காட்டும் கருவியான பவர்டாப் உடைந்து, அந்த இடத்தை வெற்று இடமாக நிரப்பி வைக்க வேண்டி வந்தது.

கற்றுக்கொள்வதற்காகத் திருத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால், டிபி_பிரின்ட்கேயை மட்டும் தொடுங்கள். பதிவின் புலங்களை அறிவிக்கும் பகுதியைத் தொடாதீர்கள். வார்ப்புருவுக்குள் கழித்தல், வகுத்தல் போன்ற எளிய கணக்கு இருக்கலாம். கர்னலின் உள்ளே மட்டும் இருக்கும் ஒரு சார்பை அழைத்தீர்களானால், ட்ரேஸ் கோப்பில் ஒழுங்காகத் தெரியும், ஆனால் பெர்ஃப் அதே வார்ப்புருவைத் தன் பக்கத்தில் திரும்ப வாசித்துக் கணக்கிடுவதால் "ஃபெயில்ட் டு பார்ஸ்" என்று அடித்துவிடும். இத்தனைக்கும் கிடைக்கும் பயன், வெளியே நாலு வரி ஆக் தருவதுதான். எழுதவே விருப்பமில்லையென்றால் டாமோவை நிறுவுங்கள். ரெக்கார்ட் எடுக்கும், ரிப்போர்ட் தரும், வேலைத்தொகுதியின் (உண்மையில் தொடப்படும் நினைவகத்தின்) அளவைச் சதமானங்களாகக் காட்டும்.

எண்களை மொழிபெயர்த்த பிறகு எவ்வளவு நம்பலாம்? சுவடு தெரிந்தால் அந்தப் பக்கம் தொடப்பட்டது உறுதி. நீளம் உறுதி, நேரம் ஏறத்தாழ உறுதி. துண்டு முழுவதும் அந்த ஒரு பக்கத்தைப் போலத்தான் என்பது ஊகம். 66 மெகாபைட்டில் 16,896 பக்கங்கள் இருக்கின்றன. சூடான நாலு பக்கம் நடுவில் ஒளிந்திருந்தால் உடனே தெரியாது. டாமன் ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் துண்டுகளை எழுமாற்றாக வெட்டி, ஒத்த அயல்துண்டுகளைச் சேர்ப்பதால் மெல்ல மெல்லப் பிடிபடும். எனவே தொடங்கிய முதல் சில நிமிடங்களை நம்பாதீர்கள். சேரும்போது இரண்டின் வயதும் நீளத்தின்படி சராசரியாகும். ஆகவே 864 என்பதை 860, 870 என்று வாசித்தால் போதும். பெரும்பக்கங்கள் இயங்கும் இடத்தில் தொடுகைக் குறி 2 மெகாபைட்டுக்கு ஒன்றுதான், அதைவிடச் சின்ன வேறுபாட்டைத் தேடிப் பயனில்லை.

பலர் விழும் பெரிய குழி வேறொன்று. துண்டின் நீளம் முகவரி வெளியின் நீளம், ராமின் நீளம் அல்ல. ஒருபோதும் தொடப்படாத, ராமில் இல்லவே இல்லாத பக்கங்களும் அதற்குள் அடங்கும். "குளிர்ந்தவை எல்லாம் சேர்த்து 3 கிகாபைட், அவ்வளவும் மிச்சம் பிடிக்கலாம்" என்று கணக்குப் போடுவதற்கு முன் ப்ரோசஸின் ஆர்எஸ்எஸ் (ராமில் உண்மையில் இருக்கும் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம்: ஒவ்வொரு படத்திலும் தொடுகை 0ஐ விடக் கூடிய துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, ஆயிரக்கணக்கான படங்களின் நடுமதிப்பையும் உச்சத்தை ஒட்டிய மதிப்புகளையும் எடுங்கள். ஏறக்குறைய எல்லா வரியும் 0 என்று வந்தால் இயந்திரம் சும்மா இருக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 100 மில்லிசெக்கன் உங்கள் வேலைக்கு மிகக் குறுகியதாக இருக்கலாம். பார்க்கும் இடைவெளியையும் கூட்டும் இடைவெளியையும் சேர்த்தே பத்து மடங்கு, இருபது மடங்கு உயர்த்துங்கள். 20 என்ற உச்சம் மாறாது, வயதின் அலகு மட்டும் நீளும். மொழிபெயர்ப்பு நிரலில் அந்தப் பெருக்கியை மாற்ற மறக்க வேண்டாம். புதிய கர்னல்களில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வசதி இருக்கிறது. அது ஓடினால் வயதின் அலகு இடையில் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே முதல் அளவீட்டுக்கு அதை அணைத்து வையுங்கள்.

அளக்கும் நாளும் முக்கியம். தை கடைசியிலிருந்து பங்குனி வரை காலபோக நெல் வரும் நாட்களில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, கொள்வனவு மேசையில் நிமிடத்துக்கு ஒரு சிட்டை ஏறும்போது எடுத்த ட்ரேஸும், ஐப்பசி மழையில் ஆலை மூடிக்கிடக்கும் ஞாயிறு எடுத்த ட்ரேஸும் ஒரே மரியாடிபியை இரண்டு வேறு ஆளாகக் காட்டும். அதன் இடையகக் குளம் (வட்டிலுள்ள தரவை ராமில் வைத்திருக்கும் இடம்) இயல்பில் 128 மெகாபைட். மேலே பார்த்த 66 மெகாபைட் அதன் பாதியாகவே இருக்கலாம். ஓய்வு நாளில் அது குளிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுக் குளத்தைச் சுருக்கினால் அறுவடை நாளில் வட்டு முனகும்.

அந்த 66 மெகாபைட் உண்மையில் எதுவென்று அறிய, ப்ரோசஸ் உயிரோடு இருக்கும்போதே ப்ராக் அடைவில், எந்த முகவரியில் எது இருக்கிறது என்று சொல்லும் அதன் மேப்ஸ் கோப்பை நகலெடுத்து வையுங்கள். முகவரிகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் எழுமாற்றாக மாறுவதால், மரியாடிபியை ஒருமுறை மறுதொடக்கம் செய்த பின் அந்த ட்ரேஸுக்குச் சாவி இல்லை. மேப்ஸ் பதினறும எண்ணில் இருக்கும், ட்ரேஸ் தசமத்தில் இருக்கும்; ஒன்றை மாற்றித்தான் ஒப்பிட முடியும். அந்த நகலோடு கர்னல் பதிப்பு, இரண்டு இடைவெளிகளின் மதிப்பு, ஃபார்மட் கோப்பின் நகல் ஆகியவற்றையும் ஒரே அடைவில் போட்டுவிட்டு, அதன் பிறகு ட்ரேஸ்_பைப்பைத் திறவுங்கள்.